வெமானப் பெட்டிய வெயில்ல வச்ச எந்தம்பி

…எந்தம்பிக்கு மேல இருந்த அந்த ஆபீசரு எழுதிக் குடுத்தத வாசிச்சியாத்தா செல்வி? "விதி தவறாதவர்"னு போட்டிருக்காராம். எந்தம்பி நெனவு மலர்ல அதத்தான் மொதப் பக்கத்துல போடப் போறாராம் அவன் மகன், எம் மருமகன். எனக்கு எழுத்துத் தெரியாது, காது நல்லாக் கேக்கும். பிரஸ்ஸுல வேல பாக்குறவ நீ, நான் சொல்றத அப்படியே எழுது.

எந்தம்பி பொறந்தது ரெட்டியபட்டிப் பக்கம். பருத்தி எடுத்துக்கிட்டே படிச்சு வெமானப் படையில சேந்தான். வெமானம் ஓட்டுறான்னு நெனச்சு எம் மாமியா சாகுற வரைக்கும் வானத்தப் பாத்துக் கையாட்டுச்சு. அவன் பாத்தது கரண்டுப் பெட்டி ரிப்பேரு.

கடக்கரை ஊருல வேல. வெமானமெல்லாம் கெழடு. தெச காட்டுற பெட்டி காலையில தப்பாக் காட்டும், மத்தியானம் சரியாயிரும். புத்தகத்தப் பாத்து உள்ள இருந்த சாமான ஒவ்வொண்ணா மாத்துனாக, ஒண்ணும் நடக்கல. இவன், "உள்ள ஈரங் கட்டிருக்கு"ன்னு மூடியக் கழத்தி, மொட்டமாடியில வேட்டி விரிச்சு, மெளகா வத்தலாட்டம் காய வச்சு மணிக்கொருக்காத் திருப்பி விட்டிருக்கான்.

ஆபீசரு வந்து, "என்னய்யா, வத்தல் போடுறியா?"ன்னாராம்.

"ஆமாங்கய்யா. நாளைக் காலையில மாட்டிப் பாருங்க."

மாட்டுனா முள்ளு அசையாம நின்னுச்சு. அதுக்கு, இப்ப "விதி தவறாதவர்"னு எழுதுன இதே ஆபீசரு, எந்தம்பி விதிய மீறிட்டான்னு எழுதி வச்சு, அவன் பிரமோசன நிறுத்திப்புட்டாரு.

பெறகு அவரே வேற ஆள வச்சுக் காய வச்சாரு. சூட்டோட மூடிப்புட்டாக. வத்தலச் சூட்டோட மூட்ட கட்டுனா உள்ள வேத்துப் போகும்னு நம்மூருல யாருக்குத் தெரியாது? முள்ளு பேயாட்டம் ஆடுச்சு. அப்புறம் எந்தம்பியத் தனியாக் கூப்பிட்டு, "கொஞ்சம் காய வச்சுக் குடுய்யா"ன்னாரு. இவனும் செஞ்சான், கிறுக்குப் பய. விதிய மீறிட்டான்னு எழுதுனத மட்டும் அவரு அழிக்கவே இல்ல.

போன வருசம் மதுர ஆஸ்பத்திரியில எங் கையப் புடிச்சு, "நான் தப்புப் பண்ணலக்கா"ன்னான். அதான் அவன் கடைசிப் பேச்சு.

மருமகன் சொல்றாரு, "அத்தை, பெரிய மனுசரு, எதுக்கு வம்பு? அப்பாவுக்குப் பெருமதான?"

எதுய்யா பெரும? தண்டிச்சதையும் மறைச்சு, உங்கப்பன் மூளையையும் மறைக்கவா?

நன்றி சொல்லணுமாம்ல. கருமாதிக்கு வந்த எல்லாருக்கும் நன்றி. கூட வேல பாத்த மலையாளத்துக்காருக்குத் தனியாப் போடு. எந்தம்பி மேல நடந்த வெசாரணையில, "வேட்டி என்னது, நாந்தான் விரிச்சேன்"னு நின்னு சொல்லி அவரும் தண்டன வாங்குனாரு.

அந்த மொதப் பக்கத்த எடுத்துட்டு இதப் போடு. அடியில எங் கைநாட்டு இருக்கணும், எவரு கேட்டாலும் எங்கிட்ட வந்து கேக்கட்டும். இரு, கொழாயில தண்ணி விட்டுட்டான், இன்னைக்கு விட்டா இனி எட்டு நாளைக்கு வராது. நான் வந்து ரேகை வைக்காம அச்சுக்குக் குடுத்துறாத. அந்தக் கொடத்த இப்பிடித் தள்ளு.