ஆடு வாய் வைக்காத மரம்

நான் மூன்று வருடம் தாவரவியல் படித்தவன். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. என் அத்தை மகள்தான் சொல்லுவாள், அதுவும் நான் ஏதாவது தப்புச் செய்த நாளாகப் பார்த்து. உடையார்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதினெட்டு ஆடுகளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள். ஒரு காலத்தில் அவளை எனக்குக் கட்டுவதாகப் பேச்சிருந்தது. ஆடு மேய்க்கிறவள் வேண்டாம் என்று நான் சொன்னதாக அவள் சொல்கிறாள். பூவைப் பிய்த்துப் பிய்த்துப் பார்க்கிறவன் வேண்டாம் என்று அவள் சொன்னதாகத்தான் எனக்குத் தகவல். எப்படியோ, முறைப்பெண் என்பதால் என்னைக் கேலி செய்ய அவளுக்கு இன்றைக்கும் முழு உரிமை இருக்கிறது.

போன கோடையில் அவள் ஊர் ஏரியில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க முடிவானது. எடுக்க வேண்டிய மரங்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துப் பட்டியல் போடும் வேலையை, "சார் பாட்டனி படிச்சவரு" என்று சொல்லி என் தலையில் கட்டினார் எங்கள் அரியலூர் கலெக்டர் ஆபீஸ் மேலாளர். மறுக்க மனம் வரவில்லை. புகழ்ச்சிக்கு மயங்காத குமாஸ்தா உண்டா?

வேலமரத்தின் வகைகளைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான், லத்தீன் பெயரோடு. ஏரிக்குள் இறங்கிப் பார்த்தால் எல்லாமே முள்ளாக இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. என்னைக் குத்தியதெல்லாம் சீமைக்கருவேலம் என்று ஒரு முடிவுக்கு வந்து, மதியச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் அவளிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க மாமா, ஏரியில எல்லாத்துக்கும் பொட்டு வச்சுட்டுப் போயிருக்கீங்க. யாருக்குக் கல்யாணம்?"

"சீமைக்கருவேலத்தை எடுக்கப் போறாங்க."

"அதை எடுக்கட்டும், வேணாங்கல. நாட்டுக் கருவேலும் வெள்வேலும் என்ன பண்ணுச்சு?"

"எல்லாம் ஒரே குடும்பம்தான்" என்றேன். வாய் சும்மா இருக்காதே.

"உங்க தம்பி தப்புப் பண்ணுனா உங்களையா போலீஸ் புடிக்கும்?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "வெளையாட்டு இல்ல மாமா. சித்திரை வைகாசியில எங்க ஆட்டுக்கு அந்தக் காயும் தழையுந்தான். அதுவும் போயிடுச்சுன்னா எல்லாத்தையும் சந்தைக்குத்தான் ஓட்டணும். பத்து மணிக்கு ஜேசிபி வருதாம்."

அரியலூரிலிருந்து பைக்கில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. அவள் ஆடுகளோடு கரையில் நின்றாள். நான் செல்போனில் ஏதோ படத்தைத் தேடினேன்.

"போனை உள்ள வைங்க. ஆட்டைப் பாருங்க."

பார்த்தேன். ஆடுகள் சில மரங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போயின. கறுத்த பட்டையும் மணி கோத்தது போன்ற காயுமாக இருந்த ஒரு மரத்தைக் கண்டதும் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து எட்டி எட்டித் தின்றன.

"அது நாட்டுக் கருவேல். தாண்டிப் போச்சு பாருங்க, அது சீமை. சீமையில காய் விழுந்தா திங்கும், தழையில வாய் வைக்காது."

வெளிறிய பட்டையுள்ள இன்னொன்றைத் தட்டிக் காட்டினாள். "இது வெள்வேல். இந்தப் பட்டையப் போட்டுத்தான் அந்தக் காலத்துல சாராயம் காச்சுவாங்க. எது எந்த மரம்னு உங்க அப்பா கண்ண மூடிக்கிட்டே சொல்லுவாரு. நீங்கதான் பாவம், படிச்சுட்டீங்க."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அதற்கு முன் பலமுறை கேட்டிருக்கிறேன், மற்றவர்களைப் பற்றி. ஆடு வாய் வைத்த மரத்திலெல்லாம் நான் அவளுடைய அரிவாளை வாங்கிப் பெயின்டைச் சுரண்டிக்கொண்டே போனேன். நடுவில் மேலாளருக்குப் போன் போட்டு, பட்டியலில் பாதி தப்பு என்று ஒப்புக்கொண்டேன்.

"எதை வச்சு மாத்துறீங்க சார்?"

"நேர்ல ஆய்வு பண்ணுனேன் சார்."

"ஆய்வு பண்ணுனது யாருன்னு சொல்லுங்க மாமா" என்று அவள் பக்கத்திலிருந்து சொன்னாள். "கொம்பு வச்சவன்னு எழுதிக்கட்டும்."

அப்போதுதான் ஏரியின் அந்தக் கோடியில் இன்ஜின் சத்தம் கேட்டது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. இருவரும் ஓடினோம். நாங்கள் போவதற்குள் ஒரு மரம் வேரோடு சாய்ந்துகிடந்தது. நாட்டுக் கருவேல். ஏரியிலேயே பெரியது. கிளையெல்லாம் காய். அடிமரத்தில் என் சிவப்புப் பெயின்ட், மற்ற எதிலும் இல்லாத நேர்த்தியோடு இருந்தது.

"பெயின்ட் அடிச்சிருந்துச்சே சார்" என்றார் ஓட்டுநர். அவர்மேல் என்ன தப்பு? கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதாவது கிண்டலாகச் சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினேன்.

அவள் குனிந்து ஒரு காயை எடுத்துப் பார்த்தாள். அதற்குள் பின்னாலேயே வந்த ஆடுகள் விழுந்த மரத்தின்மேல் பாய்ந்தன. எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை, உச்சிக்கொழுந்து வரைக்கும் தரையில் கிடந்தது. குட்டிகள்கூடக் கிளைக்குள் புகுந்து தின்றன. அப்படியொரு சந்தோஷத்தை அந்த ஆடுகளிடம் நான் பார்த்ததில்லை.

"திங்கட்டும்" என்றாள். "ஏரியில பாதிக் காய் இந்த மரத்துலதான் மாமா. கோடை முழுக்க வர வேண்டியது, இனி காயுறதுக்குள்ள ரெண்டு நாளைக்கு வரும். அதுங்களுக்கு என்ன தெரியும், நீங்க நல்லது பண்ணுனதா நெனைச்சுக்கும்."