வெள்ளாடு மேய்ந்த கொல்லை

தனுஷ்கோடிக்கு மூட்டை தூக்கப் போன எங்கள் ஒரே மகனைப் புயல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு, முதுகுளத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் என் வீட்டுக்காரரின் சத்தத்துக்குப் பயப்படாத ஆளில்லை. கஞ்சி சுட்டாலும் திட்டு, ஆறினாலும் திட்டு. மிளகாய்க் கொல்லைப் பக்கம் ஆடு தலைகாட்டினால் ஆட்டுக்காரரோடு அடிதடி.

திடீரென்று ஒருநாள் அடங்கிவிட்டார். “மனுசன் திருந்திட்டாரு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நானும் சாமிக்கு விளக்குப் போட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் கொல்லைக்குக் கஞ்சி கொண்டுபோனேன். பழம் சிவந்த செடிகளுக்குள் வெள்ளாடுகள் மேய்ந்தன. அவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அங்கன ஆடு மேயுது!”

“மேயட்டும் புள்ள. யாருக்கு வச்சுக் காப்பாத்தப் போறோம்?”

கஞ்சிக் கலயத்தை வரப்பில் இறக்கி வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அந்தக் கோபம்தான் அவரை எழுப்பி நடக்க வைத்திருக்கிறது. அதுவும் தீர்ந்துபோய் உட்கார்ந்திருந்தவரைத்தான் திருந்திவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

ஆடுகளை விரட்டத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, புயலுக்குப் பிறகு வீட்டில் யாரும் சொல்லாத மகன் பேரைச் சொன்னேன். என் மடியில் விழுந்து அழுதார்.

பங்குனியில் ஒரு காலை, கஞ்சி ஆறிவிட்டதென்று கத்தினார். அடுப்பு ஊதுகிற சாக்கில் நான் அழுது தீர்த்தேன்.

இப்போதும் ஊரில் ஒரு கோபக்காரன் அடங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டால், அவன் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.