ரகுபதி வளரவிடாத பேய்மிரட்டி

மாலை நாலரை மணிக்கு, மீன் விற்கும் கங்கம்மா மந்தைவெளியில் எங்கள் வாசலில் கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள். "அம்மா, உங்க அண்ணன் ஆத்தோரம் செடியாண்ட வுழுந்து கீறாரு. மூச்சு இல்லே."

என் அண்ணன் ரகுபதி ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர்; பையன்களுக்குச் செய்முறை காட்டும் வேலை. துக்கம் கேட்க வந்தவர்கள் "பெரிய விஞ்ஞானி" என்றார்கள். அவர் எந்தச் செடியைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

பேய்மிரட்டி. குழந்தைக்கு மாந்தம் என்றால் மயிலாப்பூரில் எல்லா வீட்டிலும் தேடுகிற செடி. துளசி, தும்பை குடும்பம். சதுரத் தண்டு, பஞ்சு படிந்த இலை, உதடு பிளந்த ஊதாப் பூ. விட்டால் ஆள் உயரம் வளரும்; வெட்ட வெட்ட, வருஷா வருஷம் தழைக்கும்.

அடையாற்றங்கரையில் ஒரு புதர் மட்டும் முழங்கால் உயரத்தில், பொடி இலையோடு நின்றது. அது புது இனம் என்று 1943-இல் முடிவு கட்டிவிட்டார். தம் பெயரையே லத்தீனாக்கி வைத்தும் விட்டார்: ரகுபதியானா. எந்த விருந்துக்குப் போனாலும் ரசம் வருவதற்குள் அதைச் சொல்லிவிடுவார். உலகம் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒரு ஆசையில்தான் உயிரை வைத்திருந்தார். வாரந்தோறும் நுனிக் கிளைகளைக் கத்தரித்து வருவார். கல்கத்தாவில் உள்ள தாவர நிபுணர்களுக்கு அனுப்புவார். சாதாரணப் பேய்மிரட்டி என்றுதான் பதில் வரும். "பொறாமை" என்பார்.

"இன்னா நைனா, ஊட்ல ஆடு வளக்கிறியா?" என்று கங்கம்மா கேட்பாள். அதற்கெல்லாம் பதில் சொன்னால் விஞ்ஞானி ஆவது எப்படி?

போன மாதம் நானும் கூடப் போனேன். கிளைக்குக் கிளை கத்தரி வெட்டு. வெட்டுக்குக் கீழே இரண்டிரண்டு குட்டைத் தளிர்.

"அண்ணா, நீங்க மொதல்ல பாத்தப்ப இது கன்னு. அப்புறம் வளர விட்டீங்களா? இதக் குட்டையாக்கினதே உங்க கத்தரிதான்."

"நீ படிச்சது சரித்திரம், முத்து."

"ஒரு மழைக்காலம் வெட்டாம விட்டுப் பாருங்களேன்."

"பாத்துடலாம். குட்டையாவேதான் நிக்கும். அப்ப நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்!"

விழுந்த அன்று, ஆடு மேய்ந்துவிடாமல் செடியைச் சுற்றி மூங்கில் படல் கட்டத்தான் கிளம்பினார். ஆள் வைத்தால் புகழில் பங்கு கேட்பான் என்று பயந்தாரோ என்னவோ, இந்த வெயிலில் தாமே கட்டினார். கத்தரியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் வாழ்நாளில் செய்த விஞ்ஞானம் அது ஒன்றுதான்.

படலில் மூன்று பக்கம் கட்டியாகிவிட்டது. ஆற்றைப் பார்த்த பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது.