ரோசாலியாவின் ஐந்து கிராம்புப் புதர்கள்

அம்மா இறந்தபோது ரோசாலியாவுக்குப் பதினான்கு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டுத் தங்கை ஹெட்விகாவை வளர்த்தாள். தலை பின்னியது, படிக்க வைத்தது, பக்கத்துப் பண்ணை ஸ்டான்லிக்குக் கட்டிக் கொடுத்தது எல்லாம் அவள்தான். தான் கலியாணம் செய்துகொள்ளவில்லை. இதை ஹெட்விகா மறக்காதபடி பார்த்துக்கொண்டாள்.

நெப்ராஸ்காவின் அந்தப் பக்கத்தில் கிராம்புப் புதர் இல்லாத பண்ணை வீடு குறைவு. சமையல் கிராம்பு அல்ல, பூவில் அந்த மணம் வீசும் பழப்புதர். ஏப்ரலில் மஞ்சள் பூ பூத்துத் தெருவரை கிராம்பு மணக்கும். ஜூலையில் கருப்பாகப் பழுக்கும். அம்மா வைத்த ஒரே புதரின் பக்கக் கன்றுகளைப் பிரித்து, சமையலறைச் சுவரோரம் நாலடிக்கு ஒன்றாக ஐந்து புதர் ஆக்கியிருந்தாள் ரோசாலியா. முதல் பூ விரியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பாள். அந்தப் பழத்தில் அவள் காய்ச்சிய ஜெல்லிக்கு மாவட்டச் சந்தையில் பதினோரு வருடம் முதல் பரிசு, நீல நாடா.

பன்னிரண்டாம் வருடம் நாடா ஹெட்விகாவுக்குப் போனது. ரோசாலியா முதல் நாடா வாங்குவதற்கு முன்பே, கலியாணமான புதிதில் ஓடைக்கரையில் பிடுங்கி வந்து இரண்டு பண்ணைக்கும் நடுவேயுள்ள வேலியோரம் நட்ட காட்டுப் புதர் அவளுடையது.

அந்த இலையுதிர் காலத்தில் ரோசாலியா அந்த வேலியில் நூல் கட்டி அளந்தாள்.

"உன் புதர் என் மண்ணுல ஒம்பது அங்குலம் வந்திருக்கு. எடுத்துடு."

"வேருக்கு வேலி தெரியுமாக்கா? உன் பக்கம் வந்த கன்னுகளை மட்டும் வெட்டி விடறேன்."

"வேரோட எடு. உனக்கு மூக்கு சிந்தி விட்டவ சொல்றேன்."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"ஒருதரம் சொன்னா போதாதா?"

ஸ்டான்லி டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தான். அன்று மாலையே எரித்தார்கள்.

அடுத்த ஏப்ரலில் ரோசாலியாவின் ஐந்து புதர்களும் கிளை தெரியாமல் பூத்தன. மே மாதம் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தேறியது ஏழு பழம். பனி என்றாள். மறு வருடம் சாம்பல் போட்டாள், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். நான்கு பழம். சந்தைக்குப் போகவே இல்லை.

கடைசியில் விவசாய அலுவலகத்து ஆளை வரவழைத்தாள். அவர் கன்றுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டுக்கொண்டு கிளையைத் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சும் ஒரே தாய்ச் செடிங்கம்மா. தன் மகரந்தத்துல தானே காய்க்காது. தேனீ வந்து போற தூரத்துல வேற வம்சத்துப் புதர் ஒண்ணு வேணும், மத்த பண்ணைங்க ரொம்பத் தள்ளி இருக்கு. முன்னாடி இருந்துதா?"

"இல்ல," என்றாள் ரோசாலியா.

அவர் போனதும் வேலியருகே போனாள். ஹெட்விகா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"மாமியார் சொல்லியிருந்தாங்க."

"தெரிஞ்சுமா பிடுங்கின?"

"ரெண்டு தரம் கேட்டேன்க்கா." ஈரத் துணியை உதறினாள். "சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? உன் கைப்பக்குவத்துக்கு என் காட்டுச் செடி வேணும்னு?"

ரோசாலியா திரும்பி வீட்டுக்குள் போனாள்.

யாரிடம் கேட்டாலும் ஒரு கன்று கிடைத்திருக்கும். ஏன் என்று கேட்பார்களே. அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பதினாறு ஏப்ரல் புதர்ப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி வைத்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று முகர்ந்துவிட்டு, "இந்த வருஷம் ஜெல்லி உண்டாம்மா?" என்று கேட்டுப் போனார்கள்.