பலெர்மோவில் ஓர் ஐஸ் ஹொக்கி இறுதிப் போட்டியும் மச்சாள் துவைத்த கையுறையும்

என் பேத்தி ஆரணிக்கு வயது பதின்மூன்று. சுவிஸில் எங்கள் ஊர்க் கழகத்தின் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியில் கோல் காக்கிறாள். இந்த மார்ச் மாதம் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சர்வதேசப் போட்டி இத்தாலியின் பலெர்மோவில் நடந்தது. ஆறு நாடுகள், ஆறு அணிகள். எங்கள் ஊரில் ஏரியே உறைந்து கிடக்கும். அதை விட்டுவிட்டு எலுமிச்சை காய்க்கிற ஊரில் ஐஸ் விளையாட்டு வைத்தவரின் தலையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று நினைத்தேன். சிசிலிப் பிள்ளைகளுக்கும் இந்த விளையாட்டைக் காட்டத்தான் அங்கே வைத்தார்களாம். நல்ல மனசுதான். தலையைப் பற்றிய சந்தேகம் இன்னும் போகவில்லை.

மகளுக்கும் மருமகனுக்கும் லீவு கிடைக்கவில்லை. மனைவிக்கு முழங்கால் வலி. மிஞ்சியது எழுபத்தொரு வயதான நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். ஆகவே எழுத்துப் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பயணக் கணக்கில் பிழை இருக்காது.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஆரணியின் அணி இன்னொரு போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனது. பிள்ளை அந்த ஆட்டம் முழுக்க ஓரத்து வாங்கில்தான் இருந்தாள். மற்றக் கோல்காப்பாளர்தான் விளையாடினாள். கோப்பையைத் தூக்கிய படத்தில் ஆரணியின் தலைமயிர் மட்டும் ஒரு மூலையில் தெரியும். இந்த முறை முதல் காப்பாளர் அவள். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஓர் இறுதி ஆட்டத்தில் கோல் வாசலில் நிற்க வேண்டும்.

அணி முதல் நாளே போய்விட்டது. நான் வியாழக்கிழமை காலை சூரிச்சிலிருந்து பறந்தேன். போகவர நூற்றுப் பதினான்கு பிராங்க், ஒரு வழிக்கு இரண்டு மணித்தியாலம். பலெர்மோ விமான நிலையம் நகரத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர். ரயிலுக்கு ஆறு யூரோ எண்பது, ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. வலது பக்கம் இருந்தால் மலை, இடது பக்கம் இருந்தால் கடல். நான் இடது பக்கம் இருந்து நித்திரை கொண்டேன். பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கினால் அல்பெர்கேரியாப் பகுதிக்குப் பத்து நிமிட நடை. அங்கேதான் என் மனைவியின் தங்கை ஜெசிந்தா, மூன்றாம் மாடியில், பாலறோ சந்தைக்கு மேலே இருக்கிறாள்.

ஜெசிந்தா இருபத்தேழு வருடமாகப் பலெர்மோவில் வீடு துப்புரவாக்குகிற வேலை. மூன்று சிஞ்ஞோராக்களின், அதாவது வீட்டுக்கார அம்மாக்களின், வீட்டுச் சாவி அவளிடம் இருக்கிறது. அவளுடைய சமையலறைத் தரையில் உங்கள் முகத்தைப் பார்த்துத் தலைவாரி இழுக்கலாம். எனக்கு அவள் மச்சாள். மச்சாளைச் சீண்டாமல் இருப்பது நாங்கள் பிறந்த ஊரில் மரியாதைக் குறைவு. வாசலிலேயே, "இதைவிடச் சின்னதா ஒரு வீடு கிடைக்கேல்லையோ?" என்று கேட்டேன். "உங்கடை வாய்க்கு இடம் காணாது எண்டு தெரிஞ்சிருந்தா அரண்மனை எடுத்திருப்பன் அத்தான்" என்றாள். சாப்பாடு நல்லாக இருந்தது.

ஆட்ட மண்டபம் பிரான்காச்சோ பக்கம். சென்ட்ராலேயிலிருந்து பேருந்தில் இருபத்தைந்து நிமிடம். ஒரு யூரோ நாற்பது. ரிக்கற்றைப் புகையிலைக் கடையில் முதலே வாங்குங்கள். வெள்ளிக்கிழமை காலை சாரதியிடம் ஐஸ் ஹொக்கி மண்டபம் என்று சொல்லி, தடி வீசுவது போலக் கையால் காட்டினேன். பலெர்மோவில் ஐஸ் என்றால் ஐஸ்தூள் விற்கிற கிரனீற்றாக் கடையில்தான், அதுவும் எலுமிச்சைச் சாறு ஊற்றித்தான் என்றார் மனிசன். சிரிக்கவில்லை. ஆனால் சரியான தரிப்பிடத்தில் நிறுத்தி, போ போ என்று கை காட்டினார்.

மண்டபத்துக்குள் குழாய் விரித்துத் தற்காலிகமாக ஐஸ் போட்டிருந்தார்கள். வெளியே இருபத்திரண்டு பாகை, உள்ளே பல் நடுங்கியது. ஆரணி நெஞ்சுக் கவசம், கால் கவசம், கூண்டு போட்ட தலைக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள். இடது கையில் வட்டுப் பிடிக்கிற பெரிய கையுறை. வட்டு என்பது கறுப்பு ரப்பர் துண்டு, உள்ளங்கையளவு, ஆளை மயக்கமாக்குகிற வேகத்தில் வரும். அன்று இரண்டு ஆட்டம், இரண்டும் வெற்றி. சனிக்கிழமை ஓய்வு. ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குச் செக் அணியோடு இறுதி ஆட்டம்.

இனித்தான் விசயம். ஹொக்கிக் கவசங்களை யாரும் துவைப்பதில்லை. வியர்வையில் ஊறும், காயும், மறுபடி ஊறும். அவற்றைப் போட்டுவைக்கிற பையைத் திறந்தால் பூனை செத்துக் கிடக்கிறதோ என்று தேடுவீர்கள். அணி தங்கியிருந்த விடுதிக்காரர் நாற்றம் தாங்காமல் பைகளை உள்ளே விடமாட்டேன் என்றார். அதனால் ஆரணி தன் பையை ஜெசிந்தா வீட்டு பல்கனியில் காயவைக்கக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை ஜெசிந்தா பல்கனிக் கதவைத் திறந்தாள். உடனே மூடினாள்.

"அத்தான், இது என்ன சாமான்? கீழ்வீட்டுச் சனம் பொலிசுக்குப் போன் அடிக்கப்போகுது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் மச்சாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது எனக்குள்ளே ஏதோ ஒன்று துள்ளும். "இருபத்தேழு வருசமா சிஞ்ஞோராக்களின்ரை வீடு கழுவின கைக்கு ஒரு கையுறை நாத்தத்தைப் போக்க ஏலாது போல" என்றேன்.

அவள் பல்கனிக் கதவை மறுபடி திறந்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகினாள்.

கவசங்களை வெளிப்பக்கம் மட்டும் துடைத்தாள், அது பிழையில்லை. கையுறைதான் அவளுக்குப் பிடிபட்டது. சுடுதண்ணீர், வினாகிரி, சோடாத்தூள், மர்சேய் சவர்க்காரம். வாளித் தண்ணீர் மூன்று முறை கறுப்பாகப் போனது. நாலாம் தண்ணீரை என் மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பாருங்கோ என்றாள். ரோசாப் பூப் போல இருந்தது. தோற்றுப்போனேன் என்று ஒப்புக்கொண்டேன். பல்கனிக் கொடியில் துணிக் கவ்வி போட்டுத் தூக்கினாள். அன்று ஆபிரிக்காப் பக்கத்திலிருந்து சிரோக்கோக் காற்று அடித்தது. அடுப்பு வாய் போலச் சூடு. ஞாயிறு விடிய கையுறை நன்றாகக் காய்ந்திருந்தது. அப்பளம் போல.

ஒன்பதரைக்கு ஆரணி வந்தாள். கையுறைக்குள் கையை விட்டாள். மூடப் பார்த்தாள். மூடவில்லை. இரண்டு கையாலும் அமத்தினாள். உள்ளங்கைத் தோல் கிறீச்சென்றது, திரும்ப விரிந்தது. பிள்ளை கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பயிற்சியாளருக்குப் போன் அடித்து ஜேர்மன் மொழியில் மெதுவாகக் கதைத்தாள். மூன்று மணிக்கு மண்டபத்தில் பார்ப்பாராம். கையுறை மூடாவிட்டால் மற்றப் பிள்ளைதான் வாசலில் நிற்பாள். மற்றப் பிள்ளை வலது கையால் பிடிப்பவள், ஆகவே அவளுடையதை இரவல் வாங்கவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை பலெர்மோவில் ஹொக்கிக் கடைக்கு எங்கே போவது? திங்கட்கிழமையும் கிடைக்காது.

ஜெசிந்தா கையுறையை வாங்கித் தானும் அமத்திப் பார்த்தாள். "நான்தான் பிள்ளை கழுவினனான், எனக்குத் தெரியாது ராசாத்தி" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க என்னாலும் முடியவில்லை. நான்தான் சீண்டிவிட்டேன் என்று சொன்னேன்.

ஆரணி என்னைப் பார்த்தாள். "அம்மப்பா, நீங்கள் இனி என்னோடை கதைக்க வேண்டாம்."

மாதா கோயில் பத்து மணிப் பூசைக்கு உடுத்து நின்றவள் ஜெசிந்தா. இருபத்தேழு வருடத்தில் முதன்முறையாகப் பூசைக்குப் போகவில்லை. சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு படியால் இறங்கியவள் முக்கால் மணித்தியாலத்தில் ஒரு தகரப் பேணியோடு வந்தாள். ஒரு சிஞ்ஞோராவின் தோல் சோபா மழையில் நனைந்து காய்ந்து மரக்கட்டையானபோது அதைத் திருத்தியவள் இவள்தானாம். அதற்குப் பூசிய களிம்பின் மீதி. சிஞ்ஞோராவைக் கேட்டுத்தான் எடுத்தாளா என்று கேட்க வாய் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடினேன்.

கதிரையில் இருந்துகொண்டு ரொட்டி மா குழைப்பது போலக் கையுறையைக் குழைத்தாள். விரல் விரலாக, மடிப்பு மடிப்பாக. ஆரணி தலைமயிர் காயவைக்கிற மெசினை மெல்லிய சூட்டில் பிடித்தாள். பன்னிரண்டு மணிக்குத் தோல் இளகியது. ஆனால் மூடும் மடிப்பு வரவில்லை. புதுக் கையுறையை ஆயிரம் தடவை வட்டுப் பிடித்துத்தான் பழக்குவார்கள் என்று ஆரணி ஜெசிந்தாவிடம் சொன்னாள். தன் கையை இப்போதே களைக்க வைக்கவும் முடியாது. இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

இப்படித்தான் ஞாயிறு மத்தியானம் பாலறோ சந்தை ஒழுங்கையில், எழுபத்தொரு வயதில், கையில் பூசணிக்காயளவு கையுறையோடு நான் நின்றேன். ஜெசிந்தா ஆரஞ்சுத் தோடம்பழம் எறிந்தாள். சாதாரணமாக எறியவில்லை. இருபத்தேழு வருடத்துப் பகிடிக்கும் சேர்த்து எறிந்தாள். பழக்கடைக்காரன் முதலில் சத்தம் போட்டான், பிறகு விசயம் விளங்கியதும் அடிபட்ட பழமெல்லாம் ஒரு பெட்டியில் எடுத்துவந்து தானும் எறியத் தொடங்கினான். எதிர்மாடியிலிருந்து இரண்டு பெண்கள் கைதட்டினார்கள். ஒரு பழம் என் நெற்றியில் பட்டது. அது யார் எறிந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பழத்துக்கும் கையை மூடினேன், மூடினேன், மூடினேன். இரண்டு மணிக்கு ஆரணி கையுறையை வாங்கிப் போட்டாள். மூன்றில் இரண்டு பங்கு மூடியது.

பயிற்சியாளர் மூன்று மணிக்குத் தானே பத்து வட்டு அடித்துப் பார்த்தார். எட்டைப் பிடித்தாள். அவர் கையுறையை வாங்கி மூக்கில் வைத்து மணந்தார், எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார், பிறகு தலையசைத்தார்.

ஜெசிந்தா பூசைக்கு வராத செய்தி கோயில் முழுக்கப் பரவி, காரணமும் பரவி, நாலு மணிக்கு அங்கே குடியேறிய எங்கள் நாட்டுத் தீவுப்பகுதி, மன்னார்ச் சனம் முப்பது பேர் பூசைச் சேலையோடு மண்டபத்தில் வந்து இருந்தார்கள். ஐஸ் ஹொக்கி என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. முதல் ஐந்து நிமிடம் வட்டு எங்கே என்று தேடினார்கள். அதற்குப் பிறகு நடுவருக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் கோல் ஆரணியின் கையுறைக்குள் விழுந்து, மூடாத பக்கத்தால் வழுகி உள்ளே போனது.  அவள் கையுறையைத் தொடையில் இரண்டு தரம் அடித்துவிட்டுத் திரும்ப நின்றாள். எங்கள் அணி இரண்டு போட்டது, செக் பிள்ளைகள் இன்னொன்று போட்டார்கள். மூன்று தரம் பதினைந்து நிமிடம் முடிய இரண்டுக்கு இரண்டு.

பிறகு ஆளுக்கு மூன்று தண்டனை அடி. தனியே ஒருத்தி வட்டைக் கொண்டுவருவாள், தனியே கோல்காப்பாளர் நிற்பாள். எங்களில் ஒருத்தி போட்டாள், மற்ற இருவர் தவறவிட்டார்கள். செக்கின் முதல் இரண்டு அடியையும் ஆரணி காலால் தடுத்தாள். மூன்றாவதாக வந்தவள் என்னைவிட உயரம். இடம் காட்டி, வலம் காட்டி, மேல் மூலைக்குத் தூக்கி அடித்தாள். ஆரணியின் இடது கை மேலே போனது. வட்டு கையுறைக்குள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. இந்த முறை கை முழுதாக மூடியது. நடுவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். வட்டு உள்ளேயே இருந்தது.

முப்பது பூசைச் சேலைகள் ஒன்றாக எழும்பின. பிரான்காச்சோவில் அந்தச் சத்தம் கேட்காத வீடு இருந்திருக்காது. எனக்குப் பக்கத்தில் இருந்த செக் தகப்பன்கூடக் கைகொடுத்தார்.

கோப்பை கொடுக்க இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அதற்குள் போகிறவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே வெயில் என்று நம்பிப் போகாதீர்கள், மண்டபத்துக்குள் காலுறை இரண்டு, கம்பளிச் சட்டை ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறைதான் வந்தது, சென்ட்ராலேக்கு வாடகைக் கார்க்காரன் பதினைந்து யூரோ கேட்டான், பன்னிரண்டுக்கு வந்தான். மண்டபத்தில் கோப்பி உண்டு, ஒரு யூரோ, நல்லது. பாலறோவில் தங்கினால் காலை ஏழு மணிக்கே சந்தைச் சத்தம் எழுப்பிவிடும். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைக் காற்றில் காயவையுங்கள், தண்ணீர் காட்டாதீர்கள். அதைவிட முக்கியம், தெரிந்த ஒருத்தியின் வேலையைப் பற்றிப் பகிடி விடுமுன் கொஞ்சம் யோசியுங்கள். அவள் செய்து காட்டிவிடுவாள். நான் இனிமேல் யோசிப்பேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

மேளம் அடித்து அணியைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டார் ஒருவரை ஐஸ் மேல் கூட்டிவந்து படம் எடுக்கலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் சட்டையைச் சரிசெய்தேன். ஆரணி கோப்பையோடு வேலி வரை வந்தாள். என்னைத் தாண்டி ஜெசிந்தாவின் கையைப் பிடித்தாள்.

"சின்னம்மம்மா, வாங்கோ. நான் பிடிக்கிறன், விழமாட்டியள்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மப்பா, நீங்கள் படம் எடுங்கோ."

காலை ஒன்பதரைக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் வார்த்தை. எடுத்தேன், பதினேழு படம். கோப்பை நடுவில், ஆரணி கோப்பைக்குக் கீழே முழு முகமாகச் சிரிக்கிறாள். இரண்டு பிள்ளைகள் ஜெசிந்தாவை இரண்டு பக்கமும் தாங்கி நிற்கிறார்கள். ஆனால் பதினேழு படத்திலும் ஜெசிந்தா மட்டும் கமராவைப் பார்க்கவில்லை. குனிந்து ஐஸைப் பார்க்கிறாள். என்ன பார்க்கிறாய் என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"ஆர் அத்தான் இதைத் துடைச்சது?" என்றாள். "மூலையெல்லாம் ஊத்தை அப்படியே கிடக்கு."