பூஜ்யம் என்று எழுதியவன்

இருபத்தெட்டு வருஷமாக லிப்டு மெக்கானிக்குக்கு வாத்தி மேல் கடுப்பு. வாத்தி என்றால் வாத்தியார் இல்லை, கூடப் படித்தவன். பரீட்சை முடிந்ததும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து எல்லார் விடையையும் திருத்துவான். அதனால் அந்தப் பெயர்.

அன்றைக்கு இயற்பியல் பரீட்சை. கயிறு அறுந்து விழுகிற லிப்டுக்குள் ஒருத்தன் எடை மிஷின் மேல் நிற்கிறான், முள் எத்தனை காட்டும்? மெக்கானிக் கண்ணை மூடிப் பார்த்தான். செருப்பு காலை விட்டு நழுவி மிதந்தது. சட்டைப் பை பேனா மெல்ல எழும்பி மூக்குக்கு நேராக நின்றது. கண்டதை அப்படியே இரண்டு பக்கம் எழுதினான்.

"பூஜ்யம்" என்றான் வெளியே வந்து.

"ஏன்டா, அவன் எடை என்ன ஐஸா, கரைஞ்சு போறதுக்கு?" என்றான் வாத்தி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. படிப்பில் ஏற்கெனவே தொங்கலில் இருந்த இவன், இதுவும் போச்சு, இனி எழுதி என்ன கிழிக்கப் போகிறோம் என்று அடுத்த பரீட்சைக்குப் போகவே இல்லை. மாமாவோடு லிப்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். விடை சரிதான் என்று ஒரு இன்ஜினியர் சொன்னபோது மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது.

வாத்தி மருந்துக் கம்பெனியில் குமாஸ்தா ஆனான். இவனைக் கண்டால் தெரு மாறிப் போவான். திமிர் என்றே இவன் நினைத்திருந்தான்.

இவன் லிப்டு பராமரிக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் சக்கர நாற்காலியில் வந்தான் வாத்தி, பாதி ஆளாக. ஐந்தாவது மாடியில் இதய ஆபரேஷன். மனைவி மாத்திரை வாங்கப் போயிருந்தாள். இவனே நாற்காலியை லிப்டுக்குள் தள்ளினான். கண்ணாடிச் சுவர் வழியே மதிய வெயில் வழிந்தது. தண்ணீருக்குள் போவதுபோல் லிப்டு ஏறியது.

"பூஜ்யம் சரிதானேடா?" என்றான் இவன்.

"சரிதான். அன்னைக்கு சாயங்காலமே புத்தகத்தைப் பார்த்துட்டேன். மறுநாள் நீ பரீட்சைக்கே வரலை. வீட்டுக்குத் தேடி வந்தா, மாமாகூட ஸ்பானர் பையைத் தூக்கிட்டுப் போயிட்டிருந்தே. சொல்ல வாய் வரலை."

"அதுக்கு? இத்தனை வருஷமா வாயில பூட்டா போட்டிருந்தே?"

வாத்தி கண்ணை மூடிக்கொண்டான். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. இவன் காலால் அதைத் தடுத்துப் பிடித்தான்.

"முதல் வார்த்தையிலேயே சிரிச்சுட்டேன்டா" என்றான் வாத்தி. " ரெண்டு பக்கம் எழுதியிருந்தியாமே. ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிட்டுப் போறதுக்குள்ள அதைச் சொல்லு, முழுசா."