ஸ்டாப் வாட்ச்சோடு கேண்டீனுக்குப் போனவன்

மூன்று மொழி பேசுகிறவர்களின் மூளையில் சொற்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்கும், அதனால் ஒரு சொல் வெளியே வர நேரமாகும் என்று எண்பதுகளில் நான் மனமார நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், அதையே என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முக்கிய இயலாகவும் எழுதிவிட்டேன்.

ஆதாரம் இல்லாமல் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் அனுமதி வாங்கி உட்கார்ந்தேன். பாகலூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்கள் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவார்கள். பூனை, குடம், ஏணி என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டி, பெயர் சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்த்தேன். தமிழ் மட்டும் தெரிந்த என் விடுதி மாணவர்கள் படபடவென்று சொல்லியிருந்தார்கள். இவர்களோ பூனையை ஏற இறங்கப் பார்த்து, தலையைச் சொறிந்து, டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் ‘பூனை’ என்றார்கள். எனக்குப் புல்லரித்தது.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம் இருந்தபோது, பாகலூர் நூலகத்தில் பொதுமக்களுக்கு அறிவியல் பேச ஆசை வந்தது. அதே தொழிலாளர்களை முன்வரிசையில் உட்காரவைத்தேன். அவர்களுடைய தாமதத்தை நான் விளக்க விளக்க, அவர்கள் குனிந்துகொண்டார்கள். அடக்கம் என்று நினைத்தேன். கடைசியில் லேத் ஓட்டும் ஒருவர் எழுந்தார்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வாட்ச எடுத்ததும், எங்க வேலைக்கு டைம் எடுக்க வந்த கம்பெனி ஆளுன்னு நெனச்சுட்டோம். வேகமாச் சொன்னா நாளைக்கு அதையே டார்கெட்டுன்னுருவாங்க. பேசி வெச்சுத்தான் மெதுவாச் சொன்னோம்.”

“எல்லாருமேவா?” என்றேன்.

“செகண்ட் ஷிப்டும்தான் சார்.”

மேசையிலிருந்த அட்டைகளை எடுத்து, “பூனை, பெக்கு, பில்லி” என்று மூன்று மொழியிலும் மளமளவென்று தள்ளிக்கொண்டே போனார். வாட்ச்சை நான் பையிலிருந்து எடுப்பதற்குள் கட்டு தீர்ந்துவிட்டது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு மொழியில்கூட எனக்குச் சொல் வரவில்லை.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் திரும்பும்போது, ஆய்வேட்டை சீட்டுக்கடியில் மறந்துவிட்டு இறங்கினால் என்ன என்று யோசித்தேன். என் கெட்ட நேரம், தட்டச்சுப் பிரதிகள் நான்கு இருந்தன. காய்ச்சல் என்று படுக்கலாமா, ஊரைவிட்டே ஓடலாமா என்றும் பார்த்தேன். சூளகிரி தாண்டுவதற்குள் மூன்று முறை வேறு தொழிலுக்கு மாறியிருந்தேன்.

மறுநாள் நெறியாளரிடம் உண்மையைச் சொன்னேன். அந்த இயலை எடுத்துவிடச் சொன்னார். அதற்குப் பதிலாக இந்தப் பக்கத்து நடுகற்களில் உள்ள பழைய சொற்களைப் பற்றி எழுதினேன். கல் வாட்ச்சைப் பார்த்து நடிப்பதில்லை. பட்டம் இரண்டு வருடம் தள்ளிக் கிடைத்தது.